அகலமான இடம்

"வடத்த இப்பிடிக் கட்டிப் பிடிக்காதீங்க அண்ணி. அது ஒண்ணும் எங்கண்ணன் இல்ல."

சொன்ன பிறகுதான் ஜெம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒர்சோலா பாறையில் கன்னத்தை வைத்து மூச்சு வாங்கினாள்.

பாறை நெடுக இரும்பு வடம். சில அடிகளுக்கு ஒரு முறை தடித்த ஆணி ஒன்று அதைப் பாறையோடு பிடித்திருந்தது. இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு வார், இரண்டு கொக்கி. ஆணி வந்தால் ஒன்றைக் கழற்றி அப்பால் மாட்ட வேண்டும். அது மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொடலாம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒருவர்தான் நிற்கலாம். அடுத்த ஆணியைத் தாண்டியதும் ஜெம்மா "ஆச்சு!" என்று குரல் கொடுப்பாள். அதன் பிறகே ஒர்சோலா நகர்வாள்.

கீழே தெரியும் மலைவிடுதியில் ஒர்சோலா இருபத்தாறு வருஷமாகப் பார்லி சூப் காய்ச்சுகிறாள். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் இந்தப் பாறைதான். ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறியதெல்லாம் அவள் புருஷன் சிஸ்தோ; பன்னிரண்டு வயதிலிருந்து. போன செப்டம்பரில் விழுந்து இறந்தான். செங்குத்தான இடத்தில் அல்ல, உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறை அகலமான திட்டாக நீளும் இடத்தில். மீட்புக்காரர்கள் அவன் இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்து அடுக்களை மேசையில் வைத்தார்கள். கொக்கிகள் இரண்டும் உடையவில்லை. வடத்தில் மாட்டப்படவே இல்லை.

அதற்குப் பிறகு ரொட்டிக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு முறை மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "மாடு போற இடத்துல சிஸ்தோ எப்பிடி விழுவான்?" அவன் விழுவதற்கு முந்தைய வசந்தத்தில், அவன் வேலை பார்த்த மர அறுவை ஆலையை மூடியிருந்தார்கள். வேலை போனபின் அவன் அதிகம் பேசவில்லை என்பது உண்மைதான். என்னை விட்டுப் போக நினைத்தானா? இதை அவள் நாத்தனாரிடம் கேட்டதில்லை. ஜெம்மாவும் அண்ணனைப் பற்றி வாய் திறந்ததில்லை. இந்த ஜூனில் ஒர்சோலா, "அந்த எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பத்தொரு ஆணிகளை எண்ணிக் கடந்தாள். நாற்பத்திரண்டாவதில் பாறை சாய்ந்து, பாதம் முழுதாகப் பதிந்தது. திட்டு.

"இனிமே காத்து வாங்கிட்டே நடக்கலாம்." ஜெம்மா முன்னால் போனாள். "மேல போய் ரொட்டி திங்கலாம், பன்னித் தொடைக்கறி எடுத்து வந்திருக்கேன். உங்க சூப்புக்கு நாப்பது பேரு காத்திருப்பாங்க, பாவம், இன்னிக்கி உங்க உதவிக்காரி வச்ச தண்ணிதான்."

டிங், டிங் என்று ஒரு சத்தம். ஒர்சோலா நிமிர்ந்து பார்த்தாள். ஜெம்மாவின் இடுப்பில் இரண்டு கொக்கிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் வடம் வெறுமனே ஓடியது. காலடியில் ஈரச் சரளை.

"ஜெம்மா."

"என்ன அண்ணி?"

"உன் கொக்கி."

ஜெம்மா குனிந்து பார்த்தாள். இடுப்புக்குப் போன கை பாதியிலேயே நின்றது.

"எப்பக் கழட்டினேன்னே தெரியல" என்றாள். "இந்த எடத்துல நாங்க யாருமே மாட்டறது..."

அவள் பார்வை காலடி ஈரச் சரளைக்குப் போனது.

ஒர்சோலா ஒன்றைக் கழற்றி மாட்டினாள். பிறகு மற்றதை. அவசரப்படவில்லை. நடுவில் ஒருவர்தான் நிற்கலாம் என்பதை மறந்து ஜெம்மாவின் அருகே போய், அவள் கொக்கி இரண்டையும் எடுத்து வடத்தில் பூட்டினாள். முதலில் ஒரு சொடுக்கு, பிறகு இன்னொன்று.

இருவரும் வடத்தைப் பிடித்தபடி நின்றார்கள். கீழே விடுதிப் புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழுந்தது. "நீ முன்னால போ. 'ஆச்சு'ன்னு சொன்னப்பறம் வரேன்" என்றாள் ஒர்சோலா.