வெளியாள் இருக்கும்போது

சிறுமி குருவி தன் அம்மாவிடம் திரும்புவாளா, அதிகாரிகள் ஒப்படைத்த வளர்ப்பு வீட்டிலேயே நிலைத்துவிடுவாளா என்று நாளைக்கு நீதிபதி சொல்லிவிடுவார். அதற்கு முன் இன்று கடைசிச் சந்திப்பு. குழந்தைகள் நல அலுவலகத்தின் வாசல் அறையில் குருவியின் அம்மா நெருப்பின் மேல் உட்கார்ந்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சுடச்சுட இழுத்து மடித்து விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடந்தது. அதையும் ஒரு குறையாகச் சொல்லிவிடுவார்களோ என்று கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் சங்கத்து அக்கா. அதிகாரிகளிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காகச் சங்கம் நடத்துகிறவள். தன் பிள்ளைகளையும் இதே கட்டடத்தில் மல்லுக்கட்டி மீட்டவள்.

"இந்த நாற்காலியத் தடவிப் பாரு, என் முதுகு அச்சு அப்படியே இருக்கும். வாடகை கேக்காம விட்டாங்களே, அதச் சொல்லு."

குருவியின் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "குருவி இன்னிக்காவது வாயத் தொறப்பாளாக்கா?"

"தொறப்பா. நீ ஜாஸ்தி தொறந்துடாத. தவளை தன் வாயால கெடும். அன்னிக்கு ஒருநாள்தான் பூட்டிட்டுப் போனேன்னு சொல்லியிருக்க. அது அப்படியே நிக்கட்டும்."

அந்த ஒருநாளில்தான் எல்லாம் கவிழ்ந்தது. புருஷன் அதற்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை. அறையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். கீழ்வீட்டில் யாரோ அடுப்பில் வைத்ததை மறந்துவிட, கட்டடம் முழுக்கப் புகை. தீயணைப்புக்காரர்கள் கதவு கதவாகத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார்கள். குருவி பதில் சொல்லவில்லை. சந்தேகப்பட்டுக் கதவை உடைத்தபோது, கட்டிலுக்கடியில் கண்ணை அகல விழித்தபடி கிடந்தாள்.

அன்று மூடிய வாய்தான். வளர்ப்பு வீட்டிலும் பேச்சில்லை, இங்கே அம்மா வரும்போதும் பேச்சில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். தரையில் ரப்பர் விரிப்பு, சக்கரம் கழன்ற பொம்மை லாரி, மூலையில் அதிகாரியம்மாவின் நாற்காலி. குருவி விரிப்பின் நடுவில் பிடித்து வைத்த பொம்மையாக இருந்தாள். அம்மாவைக் கண்டதும் கண் மட்டும் ஓடி வந்தது.

அதிகாரியம்மா கெட்டவள் இல்லை. குரலைத் தணித்துத்தான் சொன்னாள்: "தொண்டையில, காதுல ஒரு குறையும் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டார். எதையோ பாத்துப் பயந்திருக்கா. உங்களப் பாத்துதானோன்னு கோர்ட்ல கேப்பாங்க."

"வீட்டுல சரியான வாயாடி மேடம். அதனாலதான் குருவின்னே பேரு."

"அத நீங்க ஒருத்தர்தானே சொல்றீங்க."

குருவியின் அம்மா மண்டியிட்டாள். லாரியை ஓட்டினாள், பாடினாள், கெஞ்சினாள். சுவரோடு பேசியது போலிருந்தது. "ஒரே ஒரு வார்த்தைடி, என் தங்கம். அம்மான்னாவது சொல்லேன்."

குருவி மூலையிலிருந்த அதிகாரியம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மெல்லக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் பயமில்லை. சொன்ன பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்த பிள்ளையின் பெருமை இருந்தது.

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வெளியாள் இருக்கும்போது மூச்சு விடக்கூடாது. சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்து அவள் ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குப் பிறகுதான் குருவி பேசலாம். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லுமுன்பே பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை இன்னும் அதற்காகக் காத்திருக்கிறாள்.

அந்த வார்த்தையைச் சொன்னால், ஒருநாள்தான் பூட்டினேன் என்ற கதை பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால்? கதவுக் கண்ணாடிக்கு அப்பால் சங்கத்து அக்காவின் முகம் தெரிந்தது.

"குருவி," என்றாள். அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "குருவி, கூண்டு தொறந்தாச்சு."

பிள்ளை பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மடை உடைந்தது.

"அம்மா, நான் பேசவே இல்லியே! புகை வந்தப்பகூட இருமல, வாயில துணிய வெச்சுக்கிட்டேன். இந்த ஆன்ட்டி எவ்ளோ கேட்டாங்க தெரியுமா? ம்ஹூம், சொல்லவே இல்ல. நான் சமத்துதானே? நீ ஏன் இவ்ளோ லேட்டு? தெனமும் சாயங்காலமே வந்துடுவியே!"

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியம்மாவின் கை நின்றது. "தெனமுமா?"

குழந்தை உளறுகிறாள் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிக்கலாம். கண்ணாடிக்கு அப்பால் அக்கா, ஒத்துக்கொள்ளாதே என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"ஆமா மேடம். தெனமும்தான். யாராவது தட்டினா செத்த மாதிரி கெட, இல்லேன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு நான்தான் பழக்கினேன்."

அதிகாரியம்மா அதையும் எழுதினாள். "இத நான் சொல்லித்தாம்மா ஆகணும். அவ உங்களக் கண்டு பயப்படலேன்னும் சொல்வேன். கோர்ட்ல எது எடுபடும்னு எனக்குத் தெரியல."

நேரம் முடிந்தது. வளர்ப்பு வீட்டுக்காரி கதவருகே வந்து நின்றாள். குருவி அவளைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போனது. "மறுபடியும் பேசக்கூடாதாம்மா?"

அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். "பேசு. யாருகிட்ட வேணாலும் பேசு. பசிச்சாக் கேளு. வலிச்சாக் கத்து. அம்மா வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காத."

"ஏன், நீ வரமாட்டியா?"

அம்மா அவள் நெற்றியில் முத்தமிட்டு, தூக்கிக்கொள்ள வந்தவளிடம் விட்டாள்.

குருவி கத்தினாள். வளர்ப்பு வீட்டுக்காரியின் தோளிலிருந்து திமிறித் திமிறி, "அம்மா! அம்மா!" என்று நடைபாதை முழுக்கக் கத்திக்கொண்டு போனாள். மற்ற அறைகளின் கதவுகள் திறந்தன.

"இப்படிப் போட்டு ஒடச்சிட்டியேடி பாவி," என்று ஓடிவந்த அக்கா அவள் தோளைப் பிடித்தாள்.

"சும்மா இரு அக்கா," என்றாள் அவள். படியிறங்கும் குருவியின் குரல் தேயத் தேய, காதைத் தீட்டிக்கொண்டு, மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள்.