துர்காதேவி நாட்டு ஈட்டிக்காரர்கள்

அம்மாவின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை லேசாகத் தளர்த்தி, வலது விரலை மட்டும் உருவி, அவளுடைய செல்போனின் மேல் வைத்து அழுத்தினான் ஹரிஹரன். போன் ஒருமுறை அதிர்ந்தது. விரல் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்றது. விரலைத் தன் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான். இந்த முறையும் அதற்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

"இன்னாடா பண்ற?"

பூவாயி அத்தை. அப்பாவின் அக்கா. காலையிலிருந்து அழுவதற்கும் ஆட்களை வேலை வாங்குவதற்கும் நடுவே ஒரு நொடியைக்கூட வீணாக்காதவள்.

"போன் தொறக்கணும் அத்த."

"பொணத்து கையிலயா?"

"அவங்க போனுதானே."

அத்தை அவன் கையிலிருந்து துணியைப் பிடுங்கித் தானே கட்டினாள், முன்னைவிட இறுக்கமாக. "அப்பங்காரன் அங்க பேயறைஞ்சாப்புல ஒக்காந்துகினு கீறான். புள்ள போன நோண்டிகினு கீறான். நல்ல குடும்பம்டா."

அவள் சொன்னதில் பிழையில்லை. வாசல் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஹயாத் பாஷா கேட்டுத்தான் இது நடக்கிறது என்று அவளிடம் விளக்குவதைவிட, இந்தப் பழியைச் சுமப்பது சுலபம்.

பாஷா பாய்க்குச் செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக்கடை. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுக்கும்போது அம்மாவுக்கு அடுத்த கட்டில் அவருடையது. அம்மாவுக்கு இடது கையில் ஊசி, அவருக்கு வலது கையில். ரத்தம் சுத்தமாகி வரும்வரை இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அம்மா கூரையைப் பார்க்காமல் ஹரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வகுப்பு நடக்கும்போது "சாப்ட்டியா" என்பாள். அடுத்த வகுப்பில் "இன்னா சாப்ட்ட" என்பாள். இதை நிறுத்துவதற்காகத்தான் அவன் அவள் போனில் அந்தச் சரித்திர விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். கற்காலத்தில் ஒரேயொரு ஊரோடு தொடங்கி, வியாபாரம் செய்து, மதம் பரப்பி, படைகளை மேம்படுத்தி, உலகத்தைப் பிடிக்க வேண்டும்.

அம்மா உலகத்தைப் பிடிக்கவில்லை. குடும்பம் நடத்துவது போல நாட்டை நடத்தினாள். வீட்டில் தண்ணீரைக் கிண்ணத்தில் அளந்து குடிக்க வேண்டியவள், அங்கே கடல் முழுக்கக் கப்பல் விட்டாள். உப்பும் முத்தும் ஏற்றுமதி. சொந்தமாக ஒரு மதம் நிறுவும் காலம் வந்து, விளையாட்டு அதற்குப் பேர் கேட்டபோது 'பொங்கல்' என்று அடித்தாள். தான் சாப்பிட முடியாத ஒன்றின் பேரை வைத்தால்தான் பக்தி நிலைக்கும் என்பது அவள் விளக்கம். அந்த மதத்துக்கு என்ன வரம் வேண்டும் என்று கேட்டதற்கு, கும்பிடுகிற ஊருக்கெல்லாம் சாப்பாடு என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்த கட்டிலில் படுத்தபடியே பக்கத்து நாட்டை ஆண்ட பாஷா பாயின் குடிமக்கள் அத்தனை பேரும் மறுவாரமே பொங்கல் மதத்தில் சேர்ந்துவிட்டார்கள். பாயே முன்னின்று சேர்த்துவைத்தார். அவர் நாட்டில் பஞ்சம்.

இன்று விடியற்காலையில் காப்பி கேட்டு, தம்ளர் வருவதற்குள் அம்மா போய்விட்டாள். காலை முறைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பாய்க்கு அங்கேதான் சேதி தெரிந்திருக்கிறது. டயாலிசிஸ் முடிந்ததும் நேரே ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறி வந்துவிட்டார். கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அம்மாவின் காலடியில் மாலை வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு ஹரியைத் தனியே அழைத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. சாவு வூட்ல கேக்கற விஷயம் இல்ல இது."

"சொல்லுங்க பாய்."

"இன்னிக்கு அம்மாவோட டர்ன். பொழுது சாயறதுக்குள்ள ஆடலன்னா, அவங்க எடத்துல கம்ப்யூட்டர் ஒக்காந்துக்கும்."

"சரி."

"அவங்க பீரங்கிப் படை என் தலைநகரத்துக்குள்ள நிக்குது."

பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த உறவினர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்படித்தான் ஹரி அம்மாவின் விரலை உருவும் நிலைக்கு வந்தான். இப்போது போனைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினான். அத்தையும் பின்னாலேயே வந்தாள்.

"தொறக்கல பாய். நம்பர் கேக்குது."

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா தூணுக்குப் பக்கத்தில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டினார், தெரியாது என்று.

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி நான்கு எண்களைச் சொன்னார். போன் திறந்துகொண்டது.

பந்தலில் மேளக்காரர்கள் குடித்துக்கொண்டிருந்த டீயின் உறிஞ்சல் மட்டும் கேட்டது.

"பொண்டாட்டி போன் நம்பரு புருஷனுக்குத் தெரில," என்றாள் அத்தை பொதுவாக. "பாய்க்குத் தெரிது."

"ஊசி குத்துன கைய அசைக்கக் கூடாதும்மா," என்றார் பாய். "அவங்களுக்கு ஒரு கை. எனக்கு ஒரு கை. அவங்க போனப் புடிச்சிகினு இருப்பாங்க, நம்பர நான் அடிப்பேன். என் போன நான் புடிப்பேன், அவங்க அடிப்பாங்க. என் நம்பரும் அவங்களுக்குத் தெரியும்." சற்று யோசித்து, "தெரிஞ்சிருந்தது," என்றார்.

அத்தைக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். டயாலிசிஸ் நாட்களில் அம்மாவை உள்ளே விட்டுவிட்டு, வேனிலேயே கண்ணை மூடிக் கிடப்பார்.

"உள்ள சண்ட போட்டுக்குவீங்களாமே. நர்ஸு வந்து எங்கிட்ட சொல்லும்."

"உப்புக்கு வரி போட்டேன் அண்ணாத்த. ஒரே ஒரு தடவ. ஒரு மாசம் மூஞ்சிகுடுத்துப் பேசல."

"வூட்லயும் அப்டித்தான்," என்றார் அப்பா. பிறகு, "அவ ஜெயிச்சிகினு இருந்தாளா?"

பாய் நேர்மையான வியாபாரி. "ஜெயிக்கல. தோக்கவும் இல்ல."

அப்பா தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஹரி வரைபடத்தை விரலால் நகர்த்தினான். மற்றவர்கள் துப்பாக்கிக் காலத்துக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அம்மாவின் நாட்டில் ஊருக்கு ஊர் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். முதல் சுற்றில் எந்த ஈட்டியோடு நின்றார்களோ அதே ஈட்டி. விளையாட்டு அவள் நகரங்களுக்குச் சூட்டிய பெரிய பெரிய சரித்திரப் பெயர்களை அழித்துவிட்டு, ஊரப்பாக்கம், திருவிடந்தை, நாவலூர் என்று வைத்திருந்தாள். நாவலூரில் ஒரு பல்கலைக்கழகமும் இரண்டு சந்தையும். ஹரிக்கு வேலை கிடைக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த ஊர் அது. நாடு முழுக்க மேம்படுத்தப்பட்ட படை ஒன்றே ஒன்று. அந்தப் பீரங்கி, எல்லை தாண்டி, பாஷா பாயின் தலைநகரத்தில் காவல் நின்றது.

"இத எதுக்கு உங்க ஊர்ல வச்சாங்க?"

"வடக்க ஒரு ராஜா கீறான். கம்ப்யூட்டர்தான், ஆனா பேஜாரு புடிச்சவன். எங்கிட்ட படையே இல்ல, எல்லாம் கப்பல். அவன் வந்துடுவான்னு நா பயந்துகினே இருந்தேன். ஒரு நாள் கண்ண முழிச்சிப் பாக்கறேன், என் வாசல்ல இது நிக்குது."

"அவங்க ஊர யாரு பாத்துக்கறது?"

"நானும் கேட்டேன். ஈட்டி நல்லாத்தான கீது, இன்னும் ஒடையலியேன்னாங்க."

உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். "புள்ளயக் கூப்புடுங்க, குளிப்பாட்டணும்." அத்தை, "வரான், வரான்," என்று பதில் கொடுத்துவிட்டு ஹரியின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "இதுல எது துர்கா?"

"மஞ்சள் கலர் எல்லாம்."

"இவ்ளோவா?" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

ஹரி பீரங்கியைத் தொட்டான். "பாய், இதத் திருப்பி எங்க எல்லைக்கு இழுத்துக்கறேன். அப்ப உங்களுக்கு பயமில்ல."

"இழுத்தாலும் நாளைக்கு கம்ப்யூட்டர் அதத் திருப்பிக் கொண்டாரும்."

"அப்ப கலைச்சுடட்டுமா? இல்லன்னா உங்களுக்கே குடுத்துடலாம். ஊர்ங்களயும் குடுத்துட்டா ஆட்டமே முடிஞ்சிடும்."

பாய் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

"பீரங்கிக்காக நா வரல தம்பி," என்றார் கடைசியில். "ஊரு போனா போவுது. எத்தினி தடவ போயிருக்கு. காலையில ஆஸ்பத்திரில போய்ப் படுத்தேன். அம்மா பெட்ல வேற ஆள். புதுசு. நல்ல மனுஷன்தான், ரிட்டயர்டு வாத்தியார். நர்ஸு இன்னா பண்ணும், பெட்ட காலியா போட முடியுமா. அது நாயம்தான்." ஒரு மூச்சு விட்டார். "ஆனா நாளன்னிக்கு நா போனத் தொறந்தா, அவங்க பேரு வரும். துர்காதேவி போர் தொடுத்தார்னு வரும். கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும். அவங்க பேரப் போட்டுகினு அது கண்டதும் பண்ணும். அத எப்டிப் பாக்கறதுன்னுதான்."

அப்பா மடியிலிருந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

"ஹரி," மறுபடி உள்ளேயிருந்து குரல்.

"இருங்கய்யா," என்றாள் அத்தை. "துர்காவுக்கு ஒரு வேல பாக்கி கீதாம்."

ஹரி பீரங்கியிலிருந்து விரலை எடுத்தான். அது பாயின் வாசலிலேயே நின்றது. வரைபடத்தை இழுத்து ஊரப்பாக்கத்துக்கு வந்தான். மதில்மேல் ஈட்டிக்காரர்கள். அவர்களைத் தொட்டதும் 'மேம்படுத்து' என்ற பட்டன் மின்னியது. எத்தனையோ சுற்றுகளாக அது மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கும். கஜானாவில் உப்பும் முத்தும் விற்ற பணம் இருந்தது.

"அம்மா அத அமுக்க மாட்டாங்க," என்றார் பாய். "அந்தக் காச மிச்சம் புடிச்சி என் பக்கம் ஒரு கப்பல் அனுப்புவாங்க."

"தெரியும் பாய்," என்றான் ஹரி.

அமுக்கினான். ஈட்டிகள் மறைந்து துப்பாக்கிகள் வந்தன. திருவிடந்தைக்குப் போய் அமுக்கினான். நாவலூர். அடுத்த ஊர். கஜானா சுருங்கிக்கொண்டே வந்தது. எல்லா ஊரும் முடிந்தபின், மிச்சமிருந்ததில் கட்டக்கூடிய சின்னக் கப்பல் ஒன்றைக் கட்டி, உப்பு ஏற்றி, பாயின் துறைமுகத்தைக் காட்டினான்.

"வரி போடாதீங்க," என்றான்.

சுற்றை முடி என்பதைத் தொட்டான்.

பாயின் சட்டைப் பையில் அவருடைய போன் ஒலித்தது. எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். துர்காதேவி தன் சுற்றை முடித்தார், இப்போது உங்கள் முறை. அதை ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். போனை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"தெனமும் ஒருவாட்டி ஆடணும் தம்பி," என்றார் பாய். "விட்டா கம்ப்யூட்டர் பூந்துடும்."

"காலேஜ் பஸ்ல சும்மாதான் ஒக்காந்துகினு போறேன்."

"வூட்டுக்குப் போய் நா ஆடிடறேன். காலையில உங்களுக்கு வந்துடும்."

ஹரி உள்ளே போனான். அம்மாவைக் குளிப்பாட்டுவதற்காகக் கொல்லைப் பக்கம் பலகை போட்டிருந்தார்கள். தவலையில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் அளவு பார்த்துக் குடித்த தண்ணீரை, யாரோ சொம்பு சொம்பாய் மொண்டு ஊற்றினார்கள். அவன் முறை வந்தபோது அவனும் ஊற்றினான். நெற்றியில் நாணயம் வைத்தார்கள். பட்டுப் புடவை போர்த்தினார்கள். வாய்க்கரிசி போடும்போது அப்பாவின் கையிலிருந்து அரிசி பாதி புடவைமேல் சிந்தியது. அத்தை அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

பந்தலை எட்டிப் பார்த்தபோது பாயின் நாற்காலி காலியாக இருந்தது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"தூக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றான் ஹரி.

வேட்டி மடிப்பிலிருந்து அம்மாவின் போனை எடுத்தான். பேட்டரியில் சிவப்பாகக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. சமையலறைக்குள் போய், மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் சொருகினான். ஈரம் படாமல் இருக்க அரிசி டப்பாவின் மூடிமேல் போனை வைத்தான். வெளியே மேளம் ஆரம்பித்தது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, சுவிட்சை யாரும் அணைத்துவிடாதபடி அதன் முன்னால் காப்பித் தம்ளர் ஒன்றை நகர்த்தி வைத்தான்.