மறுஒளிபரப்பு பெஞ்சு

மாலை வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மறுஒளிபரப்பு என்று பெயர். பொறியியல் நுழைவுத் தேர்வில் தோற்று, மறுபடி எழுத வந்தவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும். பெயர் வைத்தவர் இயற்பியல் சார். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில் அவருக்கு இருந்த ருசியைப் பார்த்து நாங்கள் அவருக்கு மைனஸ் என்று வைத்தோம். சரிக்குச் சரி என்று சொல்ல முடியாது. அவர் எங்கள் பட்டப்பெயரை முகத்துக்கு நேரே சொல்வார். நாங்கள் அவருடையதை மாடிப்படியில் வைத்துத்தான் சொல்வோம்.

பகலில் எனக்கு அத்தானின் டயர் கடையில் வேலை. அக்கா வீட்டில் தங்கியிருப்பதால் மறுக்க வழியில்லை. அத்தான் என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார், அதுவும் ஜாக்கியை எடுத்து வரச் சொல்லும்போது. வாடிக்கையாளர் யாராவது சிரித்துவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவார்.

வகுப்பில் இரண்டு வடிகட்டும் தேர்வுகள் உண்டு. இரண்டிலும் தேறாத மறுஒளிபரப்பை வெளியே அனுப்பிவிடுவார்கள். இது அத்தானுக்கும் தெரியும். அப்படி அனுப்பிவிட்டால் மறுநாளிலிருந்து முழுநேரமும் கடைதான், பரீட்சை என்ற பேச்சே வீட்டில் எழக் கூடாது என்று அக்காவைச் சாட்சியாக வைத்துச் சொன்னார். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே தலையாட்டினாள். யார் பக்கம் ஆட்டினாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதல் வடிகட்டலில் எல்லாக் கேள்வியும் தெரிந்த முகமாக இருந்தது. சீக்கிரமே முடித்துவிட்டு, மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. விடைத்தாளைக் கொடுக்கும்போது மைனஸ் என்னை எழுப்பி நிறுத்தினார்.

கெட்டியான பந்து ஒன்றையும் வளையம் ஒன்றையும் சாய்ந்த பலகையின் உச்சியிலிருந்து விட்டால் எது முதலில் கீழே வரும் என்பது கேள்வி. பந்து என்று குறித்திருந்தேன். போன வருடம் முழுக்க அதற்குப் பந்துதான் விடை.

“கேள்வியப் படிச்சியா?”

“படிச்சேன் சார்.”

“பொய். விடையப் பார்த்ததும் பழைய கூட்டாளியப் பார்த்த மாதிரி ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சிருக்கே. உராய்வே இல்லாத பலகைன்னு போட்டிருக்கேன். அதுல பந்து எப்படி உருளும்? ரெண்டும் சறுக்கிட்டு ஒண்ணாத்தான் வரும்.”

முன் பெஞ்சுகள் சிரித்தன. அவர் சிரிக்கவில்லை. முதல் தடவை எழுதுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் படிக்கிறான்; எங்களுக்குத் தெரியும், அதனால் படிக்க மாட்டோம்; எங்களுக்காகவே ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் போடுவதில் தனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றார். அன்று நான் தேறவில்லை.

அவரை எனக்குப் பிடிக்காது. அவர் சொன்னது சரி என்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டேன். போன வருடத்து ஹால் டிக்கெட்டால் விடைகளை மூடிவிடுவேன். கேள்வியின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து நகர்த்துவேன். கடைசிச் சொல்லைத் தாண்டிய பிறகுதான் ஹால் டிக்கெட்டை விலக்குவேன். பக்கத்தில் உட்காருகிறவனுக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர், மூன்றாம் தடவை எழுதுகிறவன்; கேள்வியின் முதல் பாதியைக் கேட்டாலே விடையின் எழுத்தைச் சொல்லிவிடுவான்.

“எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா? நான் வேணா வாசிச்சுக் காட்டட்டுமா?” என்றான்.

இரண்டாம் வடிகட்டலில் முதல் பக்கம் முழுக்க விரல் நகர்ந்தது. ஒரு சொல்கூட மாறியிருக்கவில்லை. இரண்டாம் பக்கமும் அப்படியே. பந்தும் வளையமும் வந்தன. சொரசொரப்பான பலகை என்று தெளிவாகவே இருந்தது. நம்பாமல் திரும்பவும் படித்தேன். பிறகுதான் பந்து என்று குறித்தேன்.

கண்ணாடி அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டான். எனக்குச் சந்தேகம் வந்தது. எங்களைப் பயமுறுத்தி மெதுவாக எழுத வைப்பதற்காகவே மைனஸ் இம்முறை ஒன்றையும் மாற்றாமல் விட்டிருப்பாரோ? விரலை எடுத்துவிட்டு ஞாபகத்திலிருந்தே குறித்துக்கொண்டு போகலாமா? எடுக்கவில்லை. துணிச்சலால் இல்லை. எடுத்தாலும் தப்பு, எடுக்காவிட்டாலும் தப்பு என்று தோன்றும்போது நான் செய்துகொண்டிருப்பதையே செய்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான். மணி அடித்தபோது கடைசிப் பக்கத்தை நான் திறந்திருக்கவே இல்லை.

அன்று மாலை டயர் கடை என் முழுநேரக் கடையாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

முடிவு வந்த நாளில் மைனஸ் முதலில் கண்ணாடியைக் கூப்பிட்டார். கடைசிப் பக்கத்தில் இருந்த எல்லாக் கேள்விகளிலும் ஒவ்வொரு சொல் மாறியிருந்தது. கண்ணாடி அத்தனைக்கும் பழைய விடையைக் குறித்து, முன்னால் சேர்த்ததையெல்லாம் அங்கே கழித்திருந்தான். முதல் வடிகட்டலிலும் தேறாதவன்; பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்குக் காலியாக விட்டதற்குக் கழிவு இல்லை. தேறியிருந்தேன், விளிம்பில்.

“இளிக்காதே,” என்றார். நான் இளிக்கவில்லை. “நீ படிச்சதால தேறல. போய்ச் சேராததால தேறினே. நிஜப் பரீட்சையில இந்த வேகம் போதாது. அங்கேயும் பாதியில நின்னா யாரும் உன்னைத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.”

கேள்வித்தாளை என் மேசையில் வீசிவிட்டுப் போனார்.

கடையில் அத்தான் செய்தியைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப சாயங்காலம் வர்ற வண்டிக்கெல்லாம் யார் டயர் மாத்துறது? உங்க மைனஸா?”

“வெளிய அனுப்பினாத்தான் முழுநேரமும் கடைன்னு நீங்க சொன்ன வார்த்தை அத்தான்.”

“சொன்னேன். அதுக்கு என்ன இப்போ? போ, அந்த லாரிக்காரர் கத்துறதுக்குள்ள ஜாக்கியை எடுத்துட்டு வா.” முதன்முறையாக இன்ஜினியர் என்று சேர்க்கவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், மறந்திருப்பார்.

லாரி போன பிறகு, அடுக்கிய டயர்களின் மேல் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஹால் டிக்கெட் பையில் இருந்தது, எடுக்கச் சோம்பல். முதல் கேள்வியின் பாதியிலேயே என் பேனா பழைய விடையைக் குறித்துவிட்டது.

அதைக் கோடு போட்டு அடித்தேன். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு பையைத் துழாவி ஹால் டிக்கெட்டை எடுத்து விடைகளை மூடினேன். விரலை முதல் சொல்லுக்குக் கீழே வைத்து, இம்முறை கொஞ்சம் வேகமாக நகர்த்தினேன்.