ரோமேன் ஆர்செனோவின் மூன்று எழுத்து

டன்மோர் கோப்பையை ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான் என் வேலை. பதினொரு கோடைகளாகச் செய்துவருகிறேன். பனி ஹாக்கி லீக்கில் ஜெயித்த அணியின் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கோப்பை ஒரு நாள் சொந்தம். அவர் சொல்லும் இடத்துக்குக் காலையில் கொண்டுபோக வேண்டும், ராத்திரி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் அதற்கு என்ன நடந்தாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நடக்காதது எதுவும் பாக்கி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் மறந்துவிட்டுப் போய், குளிர்காலம் முழுக்க அது அங்கேயே சீப்புகளைச் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறது. ஒருவர் அதில் தன் குதிரைக்கு ஓட்ஸ் வைத்தார். இரட்டைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சர்ச் படிக்கட்டில் உருண்டதில் விளிம்பில் விழுந்த நெளிவு இன்னும் இருக்கிறது. மேலே வெள்ளிக் கிண்ணம், அதன் கீழே ஐந்து வளையங்கள். ஒரு வளையத்தில் நான்கு வருடப் பெயர்கள். ஐந்தும் நிரம்பினால் மிகப் பழைய வளையத்தைக் கழற்றி வினிபெக் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, அடியில் புதிதாக ஒன்று பூட்டுவார்கள். அந்த வருடம் செப்டம்பரில் ஒன்று கழற்றப்பட வேண்டியிருந்தது.

ஜூலையில் தாராஸ் பாபியாக்கின் நாள் வந்தது. ஊர், சஸ்காச்சுவானில் வெர்த் லேக். இருபத்தேழு வயதுப் பையன், லீக்கில் இரண்டாவது வருடமே கோப்பை கிடைத்துவிட்டது. காலையில் தீயணைப்பு வண்டி மேல் ஏறி ஊரைச் சுற்றினான். மதியம் ஊர்க்கூடத்தில் விருந்து. அவன் அம்மாவும் சர்ச் பெண்களும் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை அறுநூறு பிடித்திருந்தார்கள். முதல் ஈடு கோப்பைக்குள்தான் கொட்டப்பட்டது, வெண்ணெயும் வதக்கிய வெங்காயமுமாக.

"வெள்ளி கறுத்துடாதா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"இதவிட மோசமானதெல்லாம் பாத்திருக்கு. கொட்டுங்க."

எல்லோரும் வந்திருந்தார்கள், தாராஸின் அண்ணன் மைரனைத் தவிர. பதினாறு வயது மூத்தவர். அவரும் இதே லீக்கில் தடுப்பு வரிசையில் ஆடியவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரம். எதிரணி ஆள் அடித்த பக், அந்த ரப்பர் வட்டு, இவர் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பித் தன் வலைக்குள்ளேயே போய்விட்டது. அதோடு கோப்பை போயிற்று. அதற்கப்புறம் முழங்காலும் போயிற்று. இப்போது மண் சாலைகளைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டுகிறார்.

"கோச்சுக்கிட்டெல்லாம் இல்ல," என்றான் தாராஸ். "நாங்க ஜெயிச்ச அன்னிக்கு ஃபோன் பண்ணி அழுதாரு. ஆனா ஜெயிக்காத ஆட்டக்காரன் கோப்பையத் தொடக்கூடாதுன்னு ஒரு ஐதீகம் இருக்கு இல்லையா. ஆட்டத்த விட்டு எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் அதப் பிடிச்சிக்கிட்டிருக்காரு."

நான்கு மணிக்கு எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். வெண்ணெய் பூசிய கோப்பையோடு படமெடுக்க முடியாது. கழுவித் துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று நான் அடுக்களையில் தங்கிவிட்டேன். துடைத்து முடிக்கிற நேரம், பின்வாசலில் ஒருவர் காலணித் தூசியைத் தட்டினார். நல்ல உயரம், புருவம் வரைக்கும் புழுதி. நடையிலேயே ஆட்டக்காரர் என்று தெரிந்தது.

"நீங்கதான் கார்லாவா? நான் மைரன்."

"ஏரிக்குப் போயிருக்காங்க எல்லாரும்."

"தெரியும். வண்டிய எடுக்கட்டும்னுதான் வெளிய நின்னேன்." கோப்பையிலிருந்து நாலடி தள்ளியே நின்றார். "மேல் வளையத்தக் கழட்டப் போறாங்களாமே. அதுல அந்த வருஷத்துப் பேரு இருக்கும். கொஞ்சம் திருப்பிக் காட்டுவீங்களா? நான் தொட மாட்டேன்."

"கிட்ட வந்து பாருங்க."

"கண்ணாடிய வண்டியிலேயே விட்டுட்டேன். நீங்க படிங்க."

கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு, கோப்பையைத் திருப்பி, அந்த வருடத்து அணியைக் கண்டுபிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். தன்னைத் தோற்கடித்தவர்களின் பெயரை ஒருவர் நின்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது.

"கைல் வான்ஸ்டோன்."

"நல்ல கோல்கீப்பர். ஆனா இடது பக்கம் கொஞ்சம் மந்தம். நாங்கதான் அங்க அடிக்காம விட்டோம்."

"டெரில் ஹோக்."

"பிராண்டன்ல டயர் கடை வச்சிருக்கான். அப்பவே ஆளு உருண்டைதான்."

"ரோமேன் ஆர்சென்."

"ஆர்செனோ," என்று திருத்தினார்.

"இங்க ஆர்சென்னுதான் இருக்கு."

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு வெள்ளியில் உரசுகிற தூரத்துக்குக் குனிந்தார். பிரெஞ்சில் 'ஓ' என்று ஒலிக்கும், பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் (eau) இல்லை. வரி முடிந்துபோயிருந்தது. பொறித்தவர் அத்தோடு நிறுத்தியிருக்கிறார்.

"அந்தக் கோல அடிச்சவன் இவன்தான்," என்றார் மைரன். "இவன் பேர எனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருஷமா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருக்கேன். அத அரைகுறையா அடிச்சு வச்சிருக்காங்க." பெருமூச்சு விட்டார். "அவனுக்குத் தெரியுமா இது?"

பெயர் பொறிக்கப்பட்டவர்களின் தொலைபேசி எண்கள் என்னிடம் உண்டு. "கேட்டுடலாமா?" என்றேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரோமேன் நியூ பிரன்ஸ்விக்கில், கடற்கரையில் இருந்தார். பின்னணியில் ஏதோ மரத்தை இழைக்கும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டு, நான் யார் என்று சொல்லி, மைரன் பாபியாக் பேச வேண்டும் என்கிறார் என்றேன். சத்தம் நின்றது.

"இத்தன வருஷம் கழிச்சு அடிக்க வரப் போறியா?" என்றது பிரெஞ்சு வாடை அடித்த குரல்.

"இல்ல. கோப்பையில உன் பேரு தப்பா இருக்கு. மூணு எழுத்தக் காணோம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"அந்தக் கோடையிலேயே எங்கம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு தடவ சொல்லிப் பாத்தேன், இடம் இல்லன்னாங்க. அப்புறம் எனக்கே தோணுச்சு, அதுவே பாதி கோல்தான், பாதி பேரு போதும்னு. நான் வலைக்கு அடிக்கலடா. ஹோக்குக்குத்தான் தள்ளினேன். உன் கால் குறுக்க வந்துச்சு."

"தெரியும்," என்றார் மைரன். "நீ ஹோக்கத்தான் பாத்துக்கிட்டிருந்த. நான் உன் கண்ணப் பாத்துதான் அந்தப் பாஸத் தடுக்கக் கால நீட்டினேன்."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரு கேட்டா?"

நான் குழாயை இறுக்கி மூடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"இங்க பாரு," என்றார் மைரன் கடைசியில். "அன்னிக்கு ரெண்டு பேரு உன் முதுகுல தொங்கினாங்க. மட்டைய விடாம நின்னியே, அது உன் கோல்தான். பாதியெல்லாம் இல்ல. எவனோ ஆர்சென்கிட்டத் தோத்தேன்னு அருங்காட்சியகத்துல கிடக்க என்னால முடியாது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. மைரனும் சிரித்தார். புழுதிக் கன்னத்தில் கோடு விழுந்தது. சிரித்ததாலா என்று தெரியவில்லை. பேச்சு முழங்காலுக்கு மாறி, அங்கிருந்து மீனுக்குப் போனது. தொலைபேசியை அங்கேயே வைத்துவிட்டு நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

இருட்டும் நேரத்தில் மைரனே ஏரிக்கரைக்கு வந்தார், முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு. தாராஸ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். "அண்ணே, ஒரே ஒரு தடவ தூக்குண்ணே. யாரும் பாக்கல," என்றான். அங்கே இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ தூக்கு. நான் பாக்கறேன்," என்றார் மைரன்.

தாராஸ் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினான். அவர் தம்பியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைத்தான் அவர்கள் அம்மா பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

வளையத்தைக் கழற்றும் முன் பொறிப்பவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபது வருடத்துப் பிழையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்தார். நான் விடவில்லை. சின்ன அச்சை எடுத்து, மூன்று எழுத்தையும் வரிக்குக் கீழே சாய்வாக இறக்கி அடித்தார். பார்க்க அழகாக இல்லை. படம் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன். "என் வால் அடுத்த வருஷத்து டீம் தலையில உக்காந்திருக்கு, எங்கம்மாவுக்குப் பரம சந்தோஷம்," என்று ரோமேன் எழுதினார். மைரன், "சரியா இருக்கு," என்று மட்டும் அனுப்பினார்.

அடுத்த ஜூன் மாதம் ரோமேன் ஒரு வாரம் வெர்த் லேக்கில் தங்கினாராம். தாராஸ்தான் சொன்னான். ஆறு மீன் பிடித்தார்களாம், நாலு யாருடையது, ரெண்டு யாருடையது என்று இன்னும் தீரவில்லையாம்.