மொய் மேசையில் ஒரு கையெழுத்து

மூன்று வருடம் நிதி நிறுவனத்துக்காரர்கள் வழக்குப் போடாமல் சும்மா இருந்தார்கள். அது அவர்கள் தலையெழுத்து. ஃப்ரிட்ஜ் வாங்கிய கடனில் பதினான்காயிரம் பாக்கி. கடைசித் தவணைக்குக் கெடு முடிந்தும் மூன்று வருடம் தாண்டிவிட்டது. கோர்ட்டுக்கு எதிரே நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வரும் வக்கீல் சுபலட்சுமியிடம் விசாரித்தேன்.

"இனிமே அவங்க கோர்ட்டுக்குப் போக முடியாதுக்கா. கேட்டா கேக்கட்டும். தாரேன்னு எழுதி மட்டும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. போட்டா செத்த கடனுக்கு மறுபடி உயிர் வந்துரும்."

லோடு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் ஜெயபாண்டியிடம் இதைப் பத்துத் தரம் சொன்னேன். மண்டையை ஆட்டினார். கொரோனாவில் வண்டி ஓடாமல் நின்றபோது, ஒரு மாதம் தள்ளிக் கட்டுகிறோம் என்று கெஞ்சியதற்கு வாய்க்கு வந்தபடி திட்டிய நிதி நிறுவனம் அது. அவர்களுக்காக எனக்குப் பாவமே தோன்றவில்லை.

மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். சமயநல்லூரில் மண்டபம். இவர் கூலிங்கிளாஸ் போட்ட தன் படத்தோடு, தேதி, நேரம், இடம் எல்லாம் போட்டு ரோட்டில் நாலு பிளக்ஸ் கட்டினார். அந்த நிறுவனத்திலிருந்து வசூலுக்கு வரும் செல்வக்குமாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளைச் சட்டையில் வந்தான், பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றான், நேரே மொய் மேசைக்குப் போனான்.

நான் மேடையில் இருந்தேன். மகள் அவள் தாய்மாமன் மடியில் இருந்தாள். என் அண்ணன் காசிமாயன் அரைப் பவுன் கம்மலோடு சீர் கொண்டுவந்திருந்தான். முன்பு ஃப்ரிட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னபோது, "ரொக்கத்துக்கே வாங்கிட்டோம்ணே" என்று பீற்றிக்கொண்டவள் நான்.

பிள்ளையின் தலையை நான் பிடித்திருக்க, ஆசாரி ஊசியை எடுத்தார். கீழே செல்வக்குமார் ஒரு தாளை நீட்டினான். பக்கத்தில் மொய் வாசிக்கிற மைக். சுற்றிலும் பங்காளிகள். இவர் முகம் வெளுத்தது. மொய் எழுதுகிறவரின் பேனாவை வாங்கினார்.

போடாதீங்க என்று கத்த ஒரு நொடி போதும். பிள்ளை வீறிட்டாள். நான் அவள் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வட்டியோடு முப்பத்தேழாயிரம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று இவரைக் கிழித்து எடுத்தேன்.

"அம்புட்டுப் பேருக்கும் முன்னால மைக்குல சொல்லவான்னு கேட்டான். பயந்து போட்டேன்" என்றார். "நீ மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"அண்ணன் பக்கத்துல இருந்துச்சு."

எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாள் பிள்ளையின் காதிலிருந்து கம்மலைக் கழற்றிக் கொண்டுபோய் விற்றோம். இரண்டு நாள் கழித்து அண்ணன் போன் செய்து மருமகளை விசாரித்தான்.

"காது புண்ணாயிருச்சுண்ணே. கம்மலக் கழட்டி வச்சிருக்கேன்."

"அய்யய்யோ, பச்சப்பிள்ள" என்று பதறினான். "மருந்து வாங்கிட்டு சாயங்காலமே வாரேன்."