முறை சொல்லும் காட்டேரி

அச்சாகப்போகும் ஆட்டப் பெட்டியின் அட்டைப்படம் போனுக்கு வந்தபோது உமாதேவி ஒரு வாழைத்தோட்டக்காரரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. ஊசியைக் குத்தி, குழாயை நிரப்பி, பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தாள். கறுப்பு அட்டை. நடுவில் சிவப்பாக, ‘கம்பத்துக் காட்டேரிகள்’. திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேட்டி கட்டிய ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான். படம் நன்றாகத்தான் இருந்தது. அதன் அடியில், ‘ஆக்கம்: சுரேஷ்கண்ணன்’ என்று போட்டிருந்தது.

அடுத்த படம் பெட்டியின் பின்பக்கம். அதன் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவு எழுத்தில், ‘உதவிக்கு நன்றி: தங்கச்சி உமா’.

உதவியாம். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் அவளுக்கு எரிந்தது. அடுத்து உட்கார்ந்தவருக்கு எந்தக் கையில் குத்தினாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி, சந்தேகமான இடத்தில் பகடை உருட்டி ஆடுகிற கதை ஆட்டம் அது. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் காட்டேரிகள் அல்லது காட்டேரிகளிடம் மாட்டிக்கொண்ட மனிதர்கள். லேபுக்கு வரும் பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் அவளை ‘காட்டேரி அக்கா’ என்று கத்துவார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் எழுத ஆரம்பித்தவள், வேலை முடிந்த மாலைகளையெல்லாம் அதிலேயே கொட்டினாள். ஆட்டத்தின் ஒவ்வொரு விதியும் அவள் கை எழுதியது.

வெளிநாட்டுக் காட்டேரி வாசலில் நின்று, உள்ளே வா என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்குமாம். நம் ஊர்க் காட்டேரிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ‘என்னத்தா, நல்லாருக்கியா, அப்பாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு’ என்று முறை சொல்லிக்கொண்டே அடுப்படி வரைக்கும் வந்துவிடும். அதனால் அவளுடைய காட்டேரிகளுக்குப் பல் முக்கியமில்லை. மூன்று சக்திகள் வைத்திருந்தாள். முதலாவது உறவுக்கட்டு: காட்டேரி உன்னை உறவுமுறை சொல்லிக் கூப்பிடும், நீ பதில் முறை சொல்லிவிட்டால் அது கேட்பதை மறுக்க முடியாது. இரண்டாவது சபை: நாலு பேருக்கு முன்னால் கேட்கும், நாலு பேரும் அதன் பக்கம் சாய்வார்கள். மூன்றாவது கண்ணீர்: மறுத்தவள்தான் குற்றவாளி என்று மறுத்தவளே நம்பிவிடுவாள்.

இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தாய் என்று யார் கேட்டாலும், ‘சும்மா தோணுச்சு’ என்பாள். சும்மா எங்கே தோன்றியது. பஞ்சு டப்பாவை மூடும்போதுதான் அவளுக்கே உறைத்தது. எல்லாம் சுரேஷ்கண்ணனைப் பார்த்து எழுதியது.

அவன் அவள் வீட்டுத் தெருக்காரன், கூடப்பிறக்காத அண்ணன். இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவன் கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது. ‘தங்கச்சி வண்டி, எனக்கில்லாமயா’ என்று அவளுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவான், வெறும் டேங்கோடு கொண்டுவந்து விடுவான், அவளே அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். அதே சுரேஷ்கண்ணன்தான் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தேனிக்குக் காரில் போட்டுக்கொண்டு போனவன். அதையும் சொல்லாமல் விட முடியாது. அதுதான் சிக்கலே.

கொச்சியில் இப்படிப்பட்ட ஆட்டங்களை அச்சடித்து விற்கிற ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவன்தான். ‘ஒனக்கு மலையாளம் தடுமாறும் தங்கச்சி, நான் பேசிக்கிறேன்’ என்றான். அவளும், ‘சரிண்ணே’ என்றாள். அந்தச் ‘சரிண்ணே’வை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வாசலுக்கு வந்து போன் போட்டாள்.

“அண்ணே, அட்டையில என் பேரு இல்லையே.”

“அதுவா தங்கச்சி, பின்னால போட்டிருக்கே, பாக்கலையா?”

“எழுதினது நான்ல.”

“இல்லன்னு யாரு சொன்னா? கொச்சிக்காரக ஒத்தப் பேருதான் போடுவோம்னு ஒத்தக்கால்ல நின்னாக. அண்ணன் பேரு இருந்தா என்ன, ஒம் பேரு இருந்தா என்ன? இதுக்குப் போயி கணக்குப் பாப்பியா?”

கணக்குப் பார்க்கிறவள் ஆகிவிட்டாள். ஒரே நிமிஷத்தில். போனை வைக்கும்போது அவளே, ‘சரிண்ணே, தப்பா நினைக்காதீக’ என்று சொல்லியிருந்தாள். வாய் தானாகச் சொன்னது. அந்த வாயை அறையலாம் போல இருந்தது.

கூட விளையாடுகிற மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தாள். ராயப்பன்பட்டி பிரின்ஸ், பள்ளிக்கூட வாத்தியார், எப்போதும் அவர்தான் கதைசொல்லி. “விடு பாப்பா, அவன் அலையலைன்னா இது வெளியவே வந்திருக்காது” என்றார். கம்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ஆசாத் அவளோடு படித்தவன். அவனும், “அண்ணன்தான உமா” என்று முடித்துவிட்டான். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொச்சிக் கம்பெனியிலிருந்து அபிதா என்கிற பெண் வந்தாள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தாளாம். குமுளி வழியாகக் காரில் வந்து இறங்கினாள். ராயப்பன்பட்டி சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு பிரின்ஸ் வீட்டு மாடியில் மேசை போட்டார்கள். சுரேஷ்கண்ணன் புதுச் சட்டையில் வந்திருந்தான். “சேச்சி, இதுதான் நான் சொன்ன எந் தங்கச்சி. ரொம்ப உதவியா இருக்கும்” என்று உமாதேவியின் தலையைத் தட்டினான். அபிதா சிரித்தாள். உமாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு பகடையை எடுத்து வைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. சுரேஷ்கண்ணனுக்குப் பெரிய பண்ணை என்கிற பழைய காட்டேரி. உமாதேவிக்குத் திராட்சைத் தோட்டத்துக் காவல்காரி. தோட்டத்து வீட்டுக்குள் கூலிக்கு வந்த ஆட்கள் படுத்திருக்கிறார்கள், சாவி அவளிடம். கதவு திறந்தால் அத்தனை பேரும் காட்டேரிக்குத் தீனி. ஆசாத் உள்ளே படுத்திருக்கிற கூலிக்காரன்.

“ஆத்தா, தங்கச்சி” என்றான் சுரேஷ்கண்ணன், பெரிய பண்ணையின் குரலில். “அண்ணன் எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கேன். கதவத் தொறக்க மாட்டியா?”

பகடையை உருட்டினான். ஜெயித்தது. இனி அவள் பதில் முறை சொல்ல வேண்டும். சொன்னதும் கட்டுப்பட வேண்டும். அதுதான் விதி.

அபிதா கையைக் காட்டி நிறுத்தினாள். “எனக்குப் பிரச்சினை இதுதான். மெயில்லயும் எழுதினேன். இந்தப் பவர் ரொம்ப நல்லாருக்கு, ஆனா தப்பிக்க ஒரு வழியும் இல்ல. மாட்டினவ தோத்தே போவா. பின்ன அவ எதுக்கு ஆடணும்? இதுக்கு ஒரு மறுவிதி இல்லாம நான் அச்சடிக்க மாட்டேன்.”

இந்தக் கேள்வி வந்திருப்பதே உமாதேவிக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆனால் கேள்வி புதிதில்லை. எழுதின காலத்திலிருந்தே அவளைக் குடைந்ததுதான். எப்படித் தப்பிப்பது என்று அவள் எழுதவில்லை, ஏனென்றால் அவளுக்குத் தெரியாது.

“அது பெரிய விசயமில்ல சேச்சி” என்றான் சுரேஷ்கண்ணன். “காவல்காரிக்குப் பகடையில ரெண்டு கூட்டிப் போட்டாப் போச்சு.”

“கூட்டிப் போட்டா ஆகாது” என்றாள் உமாதேவி. “இது பகடையில தப்பிக்கிற விசயமில்ல.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். அதே தலைச் சாய்ப்பு, அதே சிரிப்பு. “தங்கச்சி, நீ கொஞ்சம் சும்மா இரு. அண்ணன் பேசுறேன்ல.”

‘சரிண்ணே’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள். விழுங்கியது அப்படிக் கசந்தது.

“சுரேஷ்கண்ணன்” என்றாள்.

ஆசாத் விரலுக்குள் சுழற்றிக்கொண்டிருந்த பகடையை மேசையில் வைத்தான். பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து அண்ணே என்று மட்டுமே கூப்பிட்டவள், நாலு பேர் முன்னால், முகத்துக்கு நேராக, வெறும் பேரைச் சொல்லிவிட்டாள்.

“நான் உங்களுக்குத் தங்கச்சி இல்ல. என் பேரு உமாதேவி. கதவத் தொறக்க மாட்டேன்.”

“இது ஆட்டமா, நிஜமா?” என்றாள் அபிதா.

“ரெண்டும்தான். நீங்க கேட்ட மறுவிதி இதுதான். காட்டேரி முறை சொல்லும்போது அதோட பேரச் சொல்லணும். சொன்னா கட்டு அறுந்துரும். ஆனா சும்மா அறுக்க முடியாது. பேரச் சொன்னவளுக்கு அதுக்கப்புறம் அங்கன இருக்கிற ஒருத்தரும் ஒத்தாச பண்ண மாட்டாக. அவ காப்பாத்தினாளே, அந்த ஆளுகளே அவளத் திமிர் பிடிச்சவன்னு சொல்லுவாக.”

“அதெப்படி?”

“இவுக மூஞ்சியப் பாருங்க.”

அபிதா பார்த்தாள். பிரின்ஸ் அசிங்கத்தை மிதித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆசாத் தலையைக் குனிந்துகொண்டான். கதைப்படி அவன் உயிரைத்தான் அவள் காப்பாற்றியிருந்தாள்.

“பாத்தியா பிரின்ஸு” என்றான் சுரேஷ்கண்ணன். “ஏலே ஆசாத்து, நீ சொல்லு. நான் என்ன தப்புப் பண்ணேன்? வெளியூர்க்காரக முன்னாடி இப்படிப் பேசலாமா?” இது இரண்டாவது சக்தி, சபை. உமாதேவி விரலை மடக்கினாள். அடுத்து அவன் குரல் இறங்கியது. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “ஒங்கப்பனை இந்தக் கையில தூக்கிட்டு ஓடுனேனே, தங்கச்சி.”

மூன்றாவதான கண்ணீர் அவளை அடித்தது. பொய் என்றால் சுலபமாகத் தள்ளிவிடலாம். இது உண்மை. அந்தக் கையால்தான் தூக்கினான். அவளுக்கும் கண் நிறைந்தது, அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

“அதுக்கு நான் சாகுற வரைக்கும் நன்றி சொல்லுவேன். அப்பாவத் தூக்கினதுக்குக் கூலியா இத எடுத்துக்க முடியாது, சுரேஷ்கண்ணன். நான் எழுதினது இது.” அபிதாவிடம் திரும்பினாள். “ஒரு பேருதான் போடுவோம்னு நீங்களா சொன்னீக?”

“நாங்களா? எழுதினது யாரெல்லாம்னு கேட்டோம். தான் மட்டும்தான்னு சொன்னார்.”

சுரேஷ்கண்ணன் எழுந்தான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனான். போகும்போது முதுகு லேசாகக் குலுங்கியது. பார்க்கிற யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

“இந்த விதி எனக்கு வேணும்” என்றாள் அபிதா. “இது தோணின ஆள் பேருதான் பெட்டியில வரும். உமாதேவி. ஸ்பெல்லிங் எழுதித் தாங்க.”

எழுதிக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லிச் சிரிக்க அங்கே ஆள் இல்லை. அபிதாவின் கார் கிளம்பிப் போனது. பிரின்ஸ் பகடைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். வழக்கமாகச் சாப்பிட்டுப் போ பாப்பா என்பார், இன்று சொல்லவில்லை. வரும்போது அவளைப் பைக்கில் கூட்டிவந்த ஆசாத், “எனக்கு வேற பக்கம் சோலி இருக்கு” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். தான் எழுதின விதி இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் அம்மாவின் போன் வந்துவிட்டது.

“அண்ணனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டியாமே? நாலு பேருக்கு முன்னால?” மொக்கம்மாள் மூச்சு வாங்கினாள். “வீட்டுல வந்து உக்காந்து அழுதுட்டுப் போறான்டி.”

“அவன் என்ன பண்ணினான்னு சொன்னானாம்மா?”

“அவன் என்னமும் பண்ணிட்டுப் போறான். பெட்டியில பேரு வந்தா என்ன வராட்டி என்ன, அதுவா சோறு போடப்போகுது? தெருவுல நாங்க தல நிமிந்து நடக்கணும்ல. வந்து ஒரு வார்த்த, தப்பா நினைக்காதீக அண்ணேன்னு சொல்லிரு. என் தாயில்ல. ஆத்தா சொல்றேன், கேளு.”

என் தாயில்ல. உமாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று சக்தியும் ஒரே மூச்சில். சுரேஷ்கண்ணனே இதற்குப் பக்கத்தில் வர முடியாது. இங்கே பேரைச் சொல்லி அறுக்கவும் முடியாது. பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மகள் இல்லை அவள், அப்படி ஆக அவளுக்கு ஆசையும் இல்லை. இதற்கு ஒரு விதி அவள் எழுதியிருக்கவில்லை.

“மாட்டேன்மா” என்றாள்.

அம்மா அழ ஆரம்பித்தாள். உமாதேவி போனை வைக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தானும் அழுதுகொண்டு, அந்த அழுகையைக் கடைசி வரைக்கும் கேட்டாள். பஸ் கம்பத்துக்குள் நுழையும்போது மொக்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் கேட்டாள்.

“சொல்லிருவியா, ஆத்தா?”

“மாட்டேன்மா.”