ஏழாம் பாட்டில்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தெருத் தெருவாய் அலைந்து பத்துப் பாட்டில்களில் சாக்கடைத் தண்ணீர் பிடித்து வந்தார்கள். பாட்டிலில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும், பிடித்தவர்கள் சோதிக்கக் கூடாது என்பது வேதியியல் டீச்சரின் கட்டளை. ஏழாம் பாட்டிலில் நனைத்த லிட்மஸ் தாள் பளிச்சென்று சிவந்ததும், "சாயப்பட்டறைதான்!" என்று வகுப்பே குதித்தது. எந்த எண் எந்த இடத்துத் தண்ணீர் என்று டீச்சர் மடித்து வைத்திருந்த பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், பள்ளி ஆய்வகத்தின் கழிவுநீர்க் குழாய்.

செய்தி கேட்டுத் தலைமையாசிரியர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். "நாளைக்கு அறிவியல் கண்காட்சிக்கு அதிகாரி வர்றார் டீச்சர். அந்த ஒரு பாட்டில மட்டும் எடுத்துடுங்க. நம்ம மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும் சார். பன்னிரண்டு வருஷமா ஆசிட்டை ஆய்வகத் தொட்டியில கொட்டினது நான்தான். அடுத்தவன் குத்தத்தைக் காட்ட மட்டும்தான் பாடமா?"

டீச்சர் கண்காட்சி அட்டையில் ஏழுக்கு நேரே, 'கொட்டியவர்: வேதியியல் ஆசிரியை. இனிமேல் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தின் வீரியத்தை முறித்த பிறகே கழிவுநீர் வெளியேறும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

"கண்டும் காணாம விட்டவர்னு ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு சார்."